பக்தி என்று நினைத்தேன்

என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டில் தங்கித்தான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலைக்குப் போய்வந்தான். போன வருடம் கோயில் கொடைத் திருவிழாவில் பக்கத்து ஊர்க்காரர்கள் கூட்டத்துக்கு நடுவே அவனை அறைந்து வேட்டியை உருவிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவனிடம், "விடுலே, பொழப்பப் பாரு" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டவர்கள் வேறு ஆட்கள். சாதிப் பேரைச் சொல்லிக்கொண்டு பைக்கில் வருவார்கள். அவனை "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். அவன் குடியை விட்டான். செவ்வாய், வெள்ளி விரதம் இருந்தான். கையில் கயிறு, நெற்றி நிறையத் திருநீறு. "ஆத்தா உன் தம்பியத் திருத்திட்டா" என்று மனைவியிடம் சொல்லி மகிழ்ந்தவன் நான்தான். போனில் அவன் திரும்பத் திரும்ப வெட்டுக்குத்து வீடியோ பார்த்ததையும் கண்டேன். சாமி கும்பிடுகிறவன் தப்புக்குப் போகமாட்டான் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். விளக்கேற்ற மனைவி தீப்பெட்டியை எடுத்தாள்.

"அக்கா, பத்தவைக்காத!"

ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டான். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பொதியை எடுத்தான். கம்பெனி வெடிமருந்து.

"யாருக்குலே இது?"

"என் வேட்டிய உருவுனானுகள்ல, அவனுக தெருவுக்கு."

"அங்கன பச்சப்பிள்ளைகளும் இருக்குமேலே!"

"எனக்கு யாரு இருந்தா மச்சான்? நீங்க பொழப்பப் பாருன்னீக. அவுகதான் கூட நின்னாக."

வாசலில் ஹாரன் சத்தம். "என்னண்ணே, அக்கா முந்தானைய விட்டு வரமாட்டீகளோ?" என்று ஒருத்தன் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். இவன் முகம் கறுத்தது. பொதியோடு வாசலைப் பார்த்து நடந்தான். நான் குறுக்கே நின்றேன்.

"அன்னைக்கு உன்னைய விட்டது என் தப்புதான்லே. இன்னைக்கு விடமாட்டேன்."

மனைவி அழக்கூட இல்லை. "நான் பத்தவச்சிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் அப்படியே நின்றான். ஹாரன் மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. பைக்குகள் கிளம்பிப் போயின. பொதியைக் கொல்லையில் மெதுவாக இறக்கி வைத்தான்.

போலீசுக்கு நான்தான் போன் போட்டேன். மனைவி என் கையைப் பிடித்து, "வேணாங்க" என்று கெஞ்சினாள். அவன் ஓடவில்லை. கைகழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

"பைக்குல வந்தவனுக சும்மா விடமாட்டானுக மச்சான். அக்காவத் தனியா விட்டுறாதீக."