நாலு கட்டைச் சுருதி

அந்தப் பிள்ளையை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பதினான்கு வயது. சொல்லிக்கொடுத்ததை ஒரே தடவையில் திருப்பிப் பாடிவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். அதே பாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

எண்பதுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், வாரநாட்களில் எனக்குப் பென்ரோஸ் பகுதியில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைகளில் த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் பாட்டு வகுப்பு. அட்டைத் தூசு தொண்டையைத் தின்றுவிட்டது. ஐந்தரைக் கட்டையில் பாடியவள் நாலுக்கு இறங்கிவிட்டேன். அவள் குரலோ ஆறில் நின்று விளையாடும். ஆனாலும் சுருதிப் பெட்டியை நாலிலேயே வைத்தேன். ஆறில் வைத்தால் நான் வாய் திறக்க முடியாது.

“ரீச்சர், இது எனக்குச் சரியான லோ. குரல் வெளியில வருதில்லை.”

“சுருதி வைக்கிறது நான். நீ பாடு.”

பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மழுப்பப் போவதில்லை. அவளுடைய தாய் வந்து பணிவாகக் கேட்டபோதும், “கீழ பாடினால்தான் குரல் பதப்படும்” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

நவராத்திரிக்கு ஒரு பள்ளி மண்டபத்தில் எங்கள் இருவரின் கச்சேரி. நன்றாக அமைந்தால் பிள்ளைகள் சேருவார்கள், தொழிற்சாலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்றிருந்தேன். வழக்கம்போல் சுருதிப் பெட்டி மாணவியின் மடியில். முதல் பாட்டு முடிந்து நான் தண்ணீர் குடித்த நேரத்தில், அவள் பெட்டியில் திறந்திருந்த துளைகளை மூடி வேறு துளைகளைத் திறந்தாள். அது ஆறு கட்டையில் இரைந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடத் தொடங்கினாள்.

நானும் விடாமல் சேர்ந்தேன். மேலே போகும் இடத்தில் என் குரல் பிளந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு, மிச்சக் கச்சேரி முழுவதும் தொடையில் தாளம் போட்டேன். அவளை அறையத் துடித்த கை அது. அவள் மண்டபம் நிறையப் பாடினாள். ஒரு சுரம் பிசகவில்லை.

முடிந்ததும் தாய் கண் கலங்கி என் கையைப் பிடித்தார்.

“நீங்கள் சொன்னது சரி ரீச்சர். கீழ பாடிப் பாடித்தான் இப்பிடிப் பதப்பட்டிருக்கு.”

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம்” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை புதிதாக ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அவள் வரவில்லை.