ஐந்து மணிக்குப் பூட்டும் தையற்கடை

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையற்கடை வைத்திருந்த அந்தப் பெண்ணை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒல்லியான உடம்பு, கறுப்பு நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. கத்தரிக்கோல் கையில் இருந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பார்.

ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற வருடம் அது. ஆசையாக வைத்திருந்த பழுப்பு ஜாக்கெட்டின் ஜிப் நடுவில் பிளந்துகொண்டது.

“பல்லெல்லாம் நல்லா இருக்கு. இழுக்கிற ரன்னர மட்டும் மாத்தினா போதும்,” என்று விளக்கினேன்.

“மருந்துச் சீட்டையும் நீங்களே எழுதிட்டீங்களா? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வாங்க.”

சனிக்கிழமை விடிந்ததும் மகன் இருந்த கேமரன் மலைக்குப் புறப்பட வேண்டும். எனக்கோ இளைப்பு, குளிர் ஆகாது. வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து அடித்து நான்கு நிமிடம். அவர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். கம்பிக் கதவுக்கு உள்ளே, ஜிப் கழுத்துவரை ஏறிய என் ஜாக்கெட் தொங்கியது.

“நாலு நிமிஷந்தான் லா. எடுத்துக் குடும்மா.”

“எங்கம்மாவும் இப்படித்தான் ஒங்ககிட்ட கேட்டாங்க, கிராணியாரே. காய்ச்சப் புள்ளய, கொழந்தைங்கள பாத்துக்கிற ஆயாக்கொட்டாயில விட்டுட்டு ஓடியாந்தாங்க. பெரட்டு முடிஞ்சிருச்சி, இன்னைக்கு வேல இல்ல, லயத்து வீட்டுக்குப் போன்னு வெரட்டுனீங்க.” பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். “நாளைக்கு வாங்க.”

விதி அதுதான். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடித்த பிறகு வருகிறவருக்கு அன்று வேலை கிடையாது. அதை ஒரு நிமிடம் பிசகாமல் நடத்தியவன் நான். அவரிடம் குற்றம் காண வழியில்லை.

மலையில் மூன்று நாள் மூச்சு வாங்கப் படுத்திருந்தேன். திரும்பியதும் ஜாக்கெட்டை வாங்கிவர மனைவியை அனுப்பினேன்.

அவருடைய அம்மா யாரென்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். முகம் நினைவுக்கு வரவில்லை. அப்படித் திருப்பி அனுப்பியது ஒருவரையா, இருவரையா?