வெர்னாவின் எட்டுத் தக்காளிச் செடி

ஹோபார்ட் நகருக்கு மேலே ஆற்றங்கரை ஊரில் வெர்னா பெஸ்விக் என்றால் பிடிவாதக்காரி என்றுதான் பெயர். பூமியின் தென்கோடியில் அக்டோபர்தான் வசந்தம்; அந்தப் பக்கத்தில் மாதக் கடைசியில் ஷோ நாள், அதாவது விவசாயக் கண்காட்சி விடுமுறை, வரும்வரை யாரும் தக்காளி நாற்றை மண்ணில் வைப்பதில்லை. அதற்கு முன் வெயிலை நம்பினால் கெட்டோம். முப்பது வருஷம் அந்த ஊர்த் தபாலைப் பிரித்த வெர்னாவுக்கு இது தெரியாதா? தெரியும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்ததும் ஒன்பது நாள் முன்னாடியே நட்டுவிட்டாள். ஆசை யாரை விட்டது!

நட்டது எட்டுச் செடி. செத்துப்போன புருஷன் லென் வருஷா வருஷம் எடுத்துவைத்த விதையில் மிச்சம் அவ்வளவுதான். இவை போனால் அந்த வகையே போச்சு.

பக்கத்து வீட்டு ஆர்ச்சி டோபின் வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"ஷோவுக்கு முன்னாடி நட்டா ஷோ கெடையாது வெர்னா. செடிக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்."

உன் சோலியைப் பார் என்று சொல்லி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியில் இருந்த கதவை வெர்னா பூட்டிவிட்டாள்.

மறுநாளே குளிர் இறங்கியது. அடி வெட்டிய பிளாஸ்டிக் பால் புட்டிகளைச் செடிக்கொன்றாகக் கவிழ்த்தாள். சாயங்காலம் மூடியைத் திருகுவாள், காலையில் கழற்றுவாள். மூடியோடு வெயில் பட்டால் உள்ளே செடி வெந்துவிடும். எட்டு நாளும் தவறவில்லை.

ஷோ நாள் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. கிளம்பும்போது மூடியைக் கழற்றலாம் என்று விட்டாள். கிளம்பும்போது மறந்தாள். விடுமுறை நாளில் ஷோவுக்குப் போக ஒரே பஸ். ஆர்ச்சி ஏறவில்லை. ஷோவில் நடக்கும் மரம் வெட்டும் போட்டியை நாற்பது வருஷமாக விடாதவன். முறுக்கிக்கொண்டு கிடக்கட்டும் என்று இவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

பதினொரு மணிக்கு மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. கோட்டைக் கழற்றும்போதுதான் மூடி ஞாபகம் வந்தது. திரும்பும் பஸ் மூன்று மணிக்கு. அதுவரை என்ன பார்த்தாள், என்ன தின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது எட்டு மூடியும் வேலிக் கட்டையில் வரிசையாக இருந்தன. எட்டுச் செடியும் நிமிர்ந்து நின்றன. வேலியில் ஒரு பலகை முறிந்திருந்தது.

அந்தப் பக்கம் ஆர்ச்சி வீங்கிய முழங்கால் மேல் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மூடிகளைப் பார்த்தானாம். வெர்னா அதற்குள் போய்விட்டாள். கதவு பூட்டியிருந்ததால் வேலி ஏறி விழுந்து, காலை இழுத்துக்கொண்டு எழுந்தபோது பஸ் போய்விட்டது.

வெர்னாவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

"ஷோவுக்கு முன்னாடி நட்டா ஷோ கெடையாதுன்னு சொன்னேன்ல? அது எனக்குன்னு நெனைக்கல," என்றான் ஆர்ச்சி.

வெர்னா உள்ளே போய் வேலிக் கதவின் சாவியை எடுத்துவந்தாள்.