மாமாவின் இடுப்புக் கயிறு

என் அக்கா புருஷனுக்கு நீச்சலில் கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் குதிப்பது. மணலூர்பேட்டைப் பக்கம் இருக்கும் அவர் கழனிக் கிணற்றில், மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிப்பார். கரியாலூருக்குப் போனால் அருவிப் பாறையிலிருந்து குதிப்பார், அதுவும் செல்போனில் படம் பிடிக்க நாலு பேர் நின்றால்தான். குதித்து, தம் கட்டி, அடியில் உட்கார்ந்து, கரையில் இருப்பவர்கள் பயந்த பிறகு எழுந்து வருவார். கிணற்றுத் தவளை என்று சொல்லலாம்தான். ஆனால் தவளை கைதட்டலை எதிர்பார்ப்பதில்லை.

நான் புதுச்சேரியில் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறேன். மாமா அதை வேலையாகவே ஒத்துக்கொண்டதில்லை. "கடல்ல முங்கறதுக்கு ஒரு படிப்பா?" என்பார். மழைக்காலத்தில் கடல் கலங்கிவிடும். அப்போது என் சிலிண்டரையும் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து, அந்தக் கிணற்றில் பயிற்சி செய்வேன். ஒருமுறை மாமாவும் இறங்கினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினால் மேலே வருவோம், இறக்கினால் கீழே போவோம். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட் இருக்கிறது. ஆபத்து என்றால் ஒரு கையால் கொக்கியைத் தட்டிக் கழற்றிப் போட்டுவிடலாம். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. அடியில் இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும்.

"காத்து அடிச்சிக்கினு மேல வர நான் இன்னா சைக்கிள் டியூபா?" என்று சிரித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஏய், துண்டு எங்க?" என்றார். அக்கா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து, கரையோரம் இருந்த அவருடைய மோட்டாரை அடித்துக்கொண்டு போனது. எங்கே முழுகியது என்று கண்ணால் பார்த்தாராம். கரும்பெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. இவருக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் அவசரம். முங்கி அதை எடுக்க, ராத்திரிச் சாப்பாட்டில் என் சிலிண்டரைக் கேட்டார்.

"ஓடற தண்ணி வேறங்க மாமா," என்றேன். "எதுத்து நிக்கவே கூடாது, அது போற பக்கம் போயி ஓரமா ஒதுங்கணும். கயிறு கட்டிக்கினு எறங்கினா சாவுதான்."

"பொம்பளைங்கல்லாம் எனுக்கு ஆத்தப் பத்திச் சொல்றீங்க," என்று கை கழுவ எழுந்தார். பெரிய ஆராய்ச்சி முடிவைச் சொல்லிவிட்ட தோரணை.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டுத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், டீக்கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "உங்க மாமா சிலிண்டர் மாட்டிக்கினு ஆத்துல எறங்கிட்டாரும்மா!"

ஓடினேன். எங்கள் பக்கம் கிணற்றில் ஏதாவது விழுந்துவிட்டால் ஆள் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. இடுப்பில் கயிறு, சீக்கிரம் அடிக்குப் போகக் கல், மேலே இழுக்க ஆட்கள். கிணற்றுக்கு அது சரி. கிணறு எங்கும் ஓடாது. அதே முறையை அப்படியே ஆற்றுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். என் பெல்ட் கரையில் கிடந்தது. ஈயம் பத்தாது என்று அம்மிக் குழவியைக் கட்டிக்கொண்டாராம், முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு. கயிற்றின் மறுமுனை மேற்கே, தண்ணீர் வருகிற பக்கம், மேட்டில் நின்ற டிராக்டரில். நடுவில் ஊர் ஆம்பளைகள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்து, தேர் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடுகிற தண்ணீரில், கயிறு கட்டிய ஆளை எதிர்ப்பக்கம் இழுத்தால் தண்ணீர் அவனை அமுக்கும். இழுக்க இழுக்க இன்னும் கீழேதான் போவான். கலங்கல் தண்ணீரில் குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. வாயிலிருக்கும் குழாய் பிடுங்கிக்கொண்டால் ஆள் முடிந்தார்.

"கயித்த உடுங்க! தண்ணியே தள்ளிக்கினு போயி வளைவுல போட்டுடும், அங்க முட்டியளவுதான்!" என்று கத்தினேன்.

"அக்கா புருஷன ஆத்தோட உடச் சொல்றியே, உனுக்கு மனசு இருக்குதாம்மா?" என்றார் ஒருவர். இன்னும் ஓங்கி இழுத்தார். அத்தனை பேரும் சேர்ந்து ஒரு மனிதனை அவ்வளவு அக்கறையாகக் கொன்றுகொண்டிருந்தார்கள். அவர்களை அறையலாம்போல இருந்தது எனக்கு.

டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்த அக்கா, சீட்டுக்கு அடியிலிருந்து கரும்பு வெட்டும் கத்தியை எடுத்தாள். அவசரமில்லாமல் தண்ணீர் ஓரம்வரை நடந்தாள். முன்னால் நின்றவனின் கைக்கு முன்னே கயிற்றில் ஒரே வெட்டு. இழுத்துக்கொண்டிருந்த வீரர்கள் வரிசையாகச் சேற்றில் மல்லாந்தார்கள்.

குமிழி நகர்ந்தது. கரையோடு ஓடினேன். வளைவில், மணல் மேட்டில், மாமா நாலு காலில் கிடந்தார். முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடி போய்விட்டது; குழாயை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கி எடுத்ததும் வாந்தி எடுத்தார். பிறகு, "எவன்டா கயித்த உட்டது?" என்றார். பின்னால் ஓடிவந்தவர்கள் வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் டீக்கடையில் கதை தயார். கயிறு தானாக அறுந்துபோனதாம், மாமா தம் கட்டி நீந்தி வந்தாராம். ஒரு பெண் அறுத்த கயிற்றால் மல்லாந்தோம் என்று எந்த ஆம்பளை சொல்வான்?

அக்கா அவருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நல்லவேள அக்கா. அத்தினி பேர்ல நான் கத்துனது உனுக்காவது புரிஞ்சிதே," என்றேன்.

"நீ கத்துனியா?" என்றாள். "தண்ணி எரைச்சல்ல எனுக்கு ஒண்ணும் கேக்கலியே."

வளைவில் தண்ணீர் கம்மி என்றாவது தெரியுமா என்று கேட்டேன்.

"எனுக்கு எப்படித் தெரியும்? கயிறு இருந்தாத்தான் பொழைப்பாருன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க," என்று சொல்லிவிட்டு, வெந்நீரை இறக்கி எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

இத்தனை வருஷமாக அந்த ஆளை வெறுப்பவள் வீட்டில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையது வெறும் இளக்காரம்.