கேமரனில் வாங்காத தொப்பி

என் கோழிக்கிறுக்கல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு நின்று, ஆயர் தாவார் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவப் போனவன் நான்.

இப்போது ஈப்போவில், உறைந்த கோழி வைக்கும் குளிர் அறையில் வேலை. கூட வேலை செய்யும் சரோஜாவும் என்னைப் போலத் தனி ஆள்தான். ஆனால் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். அது ஒன்றுதான் என் கவலை.

குளிரில் காது வலிக்கிறது என்றாள். கைப்பேசியில் வீடியோ பார்த்து, சடைப்பின்னல் வைத்த கம்பளித் தொப்பி ஒன்றை மூன்று மாதம் பின்னினேன். கொடுக்கும்போது வெட்கத்தில், "கேமரன் மலையில ஒரு கடையில வாங்கினேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிரெதிராகச் சாய வேண்டிய சடைகள் எல்லாமே, ரப்பர் மரத்தில் சீவிய கோடுபோல ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? "அந்தக் கடைக்காரரு எந்தத் தோட்டத்துல மரம் சீவினாரு லா?" என்றாள்.

குளிர் அறையிலேயே எனக்கு வேர்த்தது. "ஆயர் தாவார்" என்றேன்.

தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டாள். "நல்லா கதகதன்னு இருக்குன்னு அவருகிட்ட சொல்லிருங்க."

"அண்ணே" வரவில்லை. பிறகும் வரவில்லை.

என் வாய் பொய் சொன்னாலும் கை சொல்லாது போலிருக்கிறது.

எங்கள் கல்யாணம் மாசியில். இதை எழுதி முடித்தது தைப்பூசத்துக்கு மறுநாள்.