என் எக்ஸ்ரேயில் தெரிந்த நிழல்

நெஞ்சில் காசநோய் இருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது. ஆனாலும் சகோதரிகளே, இதை நான் எழுதுவது அந்தக் கோபத்துக்காக அல்ல. அந்தக் கோபத்தோடு நான் கேட்ட துஆவுக்குப் படைத்தவன் தந்த பதிலுக்காக.

நான் விவசாயப் பட்டம் படித்தவள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பைகள் விற்கும் கடை. படிப்பு முடிந்ததும் கல்வராயன் மலையில் மரவள்ளி விவசாயிகளோடு ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். அப்போதுதான் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு வருடம் போய் வேலையும் செய்யலாம், ஊரும் சுற்றலாம் என்ற விசாவுக்கு எழுதிப் போட்டேன். குலுக்கலில் என் பெயர் விழுந்தது. ஒரு பழத்தோட்டத்தில் வேலைக்கு வரவும் சொல்லிவிட்டார்கள். அறுவடை தொடங்குவதற்குள் நான் அங்கே நிற்க வேண்டும். மிச்சமிருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும்தான்.

அதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அந்த நாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்ட மருத்துவமனைகளில்தான் செய்ய முடியும். எக்ஸ்ரே அறையில் ஒரு கவுனைக் கொடுத்தார்கள். முதுகில் நாடா மட்டும்தான், அதுவும் சரியாக மூடவில்லை. எக்ஸ்ரே எடுப்பவர் ஆண். தலைத்துணியை எடுக்க எனக்கு மனமில்லை. துணிக்குக் கீழே தொங்கிய பின்னலை வலத் தோள் வழியாக முன்னால் இழுத்து கவுனுக்குள் செருகிக்கொண்டேன். நம் வீட்டுப் பெண்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். முடிந்தது.

டாக்டர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவேயில்லை.

"வலது பக்கம் மேல ஒரு நிழல் இருக்கு. இருமல் இருக்கா?"

"இல்ல சார்."

"வெயிட் கொறஞ்சிருக்கா?"

"ஏறியிருக்கு சார்."

"எங்க வேலை பாக்கற?"

சொன்னேன். அவர் முகத்தில் விடை கிடைத்த மாதிரி ஒரு திருப்தி. "மலைக்காரங்களோடயா? அப்ப அங்கதான் ஒட்டியிருக்கும். அவங்ககிட்ட இல்லாததா?"

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. அந்த மலையில் ஒரு நாளாவது கால் வைத்திருப்பாரா இவர்? அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன், படுத்திருக்கிறேன். அவர்களைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? அவரோ சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், கிருமி வளர்கிறதா என்று பார்த்து முடிவு வர இரண்டு மாதம் ஆகும் என்றார். அதற்குள் அறுவடையே முடிந்துவிடும். திரையில் இருந்ததை என் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அலுப்போடு தலையாட்டினார்.

ஊர் திரும்பியதும் மலையில் நான் தங்கியிருந்த வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டேன்.

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல கண்ணு. பனிக்காலத்துல நீதான் லொக்கு லொக்குன்னு இருமிக்கினு கெடந்த. நான்தான் கசாயம் வச்சுக் குடுத்தேன். ஒட்டுனா உங்கிட்டருந்துதான் எங்களுக்கு ஒட்டணும்!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள், விசாவுக்கு எழுதிப் போட உதவிய ஏஜென்ட் நான் உட்கார்ந்திருந்த அத்தாவின் கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னா பாய், இதுக்குப் போயி கவலப்பட்டுக்கினு? வேற ஆஸ்பத்திரில பாப்பா மாதிரியே இன்னொரு பொண்ண நிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்துக்கலாம். நம்ம ஆளுங்க இருக்காங்க. முக்காடு போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

முக்காடு போட்டால் நாங்கள் எல்லாரும் ஒன்றாம்! ஒருவர் மலைக்காரர்களை ஒரே மூட்டையாகக் கட்டினார், இவர் எங்களைக் கட்டுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா முந்திக்கொண்டார்.

"நோய் இருந்தா வைத்தியம் பாத்துக்கறோம். பொய் சொல்லிப் போற ஊரு எம் பொண்ணுக்கு வேணாம். நீங்க கெளம்புங்க."

அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை என் தொழுகை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகத்தில்தான் இருக்கும். அன்று முடியவில்லை. சஜ்தாவில் நெற்றியை வைத்தவள் எழவேயில்லை. "யா அல்லாஹ், நோய் இருந்தால் நீயே சுகம் கொடு, நான் பொறுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால், இல்லை என்று அந்த டாக்டரின் வாயாலேயே சொல்ல வை." அடக்கமான துஆ இல்லைதான். எனக்கு வந்தது அதுதான்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுப் பார்க்கிறேன், துப்பட்டாவுக்குள்ளிருந்து பின்னல் நழுவி வலத் தோள் வழியாக என் நெஞ்சின் மேல் கிடந்தது. வலத் தோள். எக்ஸ்ரே எடுத்தபோதும் அது அங்கேதான் கிடந்தது. ஓடிப்போய் செல்போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி, கழுத்தோரமாக மேலே போய்க்கொண்டே இருந்தது!

மறுநாளே அத்தாவோடு சென்னைக்குப் போனேன். டாக்டர் படத்தைத் தள்ளிவிட்டார்.

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார். ஆனா இது என் நெஞ்சு. நுரையீரல் கழுத்து வரைக்கும் போவுமா சார்? அன்னிக்கு என் சடை முன்னால கெடந்துச்சு. அத ஒதுக்கச் சொல்லி யாருமே சொல்லல. இன்னொரு வாட்டி எடுங்க, பொம்பள ஆள வச்சு. அதுலயும் இருந்துச்சுன்னா நானே சளி குடுக்கறேன்."

வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அத்தா என் கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எடுத்துட்டே சொல்லுங்க டாக்டர், நாங்க இருக்கோம்" என்றார்.

ஒரு பெண் வந்து எடுத்தார். முடியை உச்சியில் கொண்டையாகச் சுருட்டி, மேலே ஒரு துணித் தொப்பி போட்டுவிட்டார். அவ்வளவுதான் வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

நான் கேட்ட அதே சொல், நான் கேட்ட அதே வாயிலிருந்து! அத்தா சத்தமாகவே இறைவனைப் புகழ்ந்தார். எனக்கோ இன்னும் ஒரு பாக்கி இருந்தது.

"அப்ப மலைக்காரங்க, சார்?"

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை நான் இறைவனிடம் விட்டுவிட்டேன்.

விசா வந்துவிட்டது. பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், தொழும் விரிப்பான முஸல்லாதான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. இப்போதெல்லாம் சஜ்தாவிலிருந்து நான் அவசரமாக எழுவதில்லை. சகோதரிகளே, மனம் ஆறிய பிறகுதான் அவன் முன் நிற்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கொதிக்கிற நெஞ்சோடே போய் நில்லுங்கள். அந்த நெஞ்சில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எந்த எக்ஸ்ரேயும் இல்லாமலே அவனுக்குத் தெரியும்.