அத்தையிடம் கேட்ட மன்னிப்பு

பிரியமான சகோதரிகளே, நல்ல மருமகள் என்று நீங்கள் என்னைப் புகழ்ந்திருக்கிறீர்கள். அந்தப் புகழைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தில். போன வருடம் கரும்பு வெட்டு சமயத்தில் என் மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. பேச்சும் போனது. என் கணவர் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றி வரும் வண்டி ஓட்டுகிறார். போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வருவார். அத்தையைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். முதலில் பிரியமாகத்தான் செய்தேன். பிறகு அலுப்பு வந்தது. அப்புறம் கோபம்.

ஒருநாள் ஊட்டிய கஞ்சியைத் துப்பிவிட்டார். அடித்துவிட்டேன். அன்றைக்கு அழுது ஜெபித்தேன். இனிமேல் செய்யமாட்டேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தேன். அடுத்த வாரமே கையைக் கிள்ளினேன். மறுபடி அழுதேன், மறுபடி செய்தேன். பேச முடியாதவர், யாரிடமும் சொல்லமாட்டார் என்கிற தைரியம். இதைச் சொல்லவே நாக்கூசுகிறது.

ஒரு மதியம் பாஸ்டரம்மா ஜெபிக்க வந்தார்கள். அத்தையின் கை கன்றிப்போயிருப்பதைப் பார்த்து, "இன்னாம்மா இது?" என்று கேட்டார்கள்.

"கட்டில்ல இடிச்சிக்கினாங்கம்மா" என்றேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டரம்மா என் தலையில் கைவைத்து, இப்படி ஒரு மருமகளைக் கொடுத்ததற்காக ஆண்டவரைத் துதித்தார்கள். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

அவர்கள் போனதும் அடுப்பங்கரையில் முழங்கால் போட்டேன். மன்னியும் என்று கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, என்னைத் தடுத்து நிறுத்தும், என்னால் முடியவில்லை" என்று மட்டும் கேட்டேன். எழுந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மறைத்துக்கொண்டே இருந்தால் மறுபடியும் அடிப்பேன்.

மறுநாள் கணவர் வந்தார். சாப்பிட உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வீட்டை விட்டுத் துரத்துவார் என்றுதான் நினைத்தேன். 

"எத்தினி வாட்டி?" என்றார்.

"தெரியலங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லிக்கினு இருக்கிறியே, அவங்ககிட்ட சொன்னியா? போய் சொல்லு."

அத்தையின் கட்டிலருகே போய்க் காலைத் தொடக் கை நீட்டினேன். அடிக்க வருகிறேன் என்று நினைத்து, அசைக்க முடிந்த கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் பாவம் இன்னதென்று அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் ஆண்டவர் என்னைத் தடுத்து நிறுத்தினார். விஷயம் தெரிந்து நைனார்பாளையத்திலிருந்து நாத்தனார் வந்து ஒரு மாதம் தங்கினார். என்னோடு பேசவில்லை, ஆனாலும் பாதி வேலையைச் செய்தார். கணவர் தூரத்து லோடுகளை விட்டுவிட்டார். பாஸ்டரம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். கடிந்துகொண்டார்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் உங்களில் ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணம் உங்களுக்குத் தெரியாது. இன்று தெரியட்டும். அதற்குப் பிறகு நான் கை ஓங்கவில்லை.

அத்தை என்னை மன்னித்தாரா, தெரியாது. இப்போதெல்லாம் நான் கிட்டே போனால் பயப்படுவதில்லை. அதுவே பெரிய கிருபை. ஆண்டவர் மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை, ஆனால் ஜெபிக்க முடிகிறது.

உங்கள் வீட்டிலும் எதிர்த்துப் பேச முடியாத ஒருவர் இருக்கலாம். நீங்கள் செய்ததை ஆண்டவர் மட்டும் பார்த்திருக்கலாம். மறைக்காதீர்கள். இன்றைக்கே அந்த ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள், ஆண்டவர் கைவிடமாட்டார். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் கூட வருகிறேன்.